மூன்று பிளேடு உதிரி

"பன்னெண்டுக்கு வாங்கிக் குடுத்தா மாப்ளே என் தங்கச்சி! இன்னைக்கு வெலை என்ன? அறுபது! அஞ்சு மடங்கு!"

சவரக்கத்தியை அவள் கணவனின் தொண்டைக்கு நேராக நிறுத்திவைத்துக்கொண்டு அண்ணன் முழங்கினான். கன்னம் முழுக்க நுரையோடு மல்லாந்து கிடந்த கணவனால் தலையாட்டக்கூட முடியவில்லை.

சலூன் வாசலில் நின்ற அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐந்து மடங்காம்!

பணம் பேங்கில் சும்மா தூங்குகிறதே என்று அதைப் பங்குச் சந்தையில் ஓர் இ.டி.எஃப். ஃபண்டில் போடச் சொன்னவள் அவள்தான். அண்ணனின் போனிலேயே கணக்குத் திறந்து, பன்னிரண்டு விலையில் ஆறாயிரத்து இருநூற்று ஐம்பத்து மூன்று யூனிட் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே முடி வெட்டினால் எந்த முழங்கால்தான் தாங்கும்?

வாங்கிய நேரமோ என்னமோ, விலை சரசரவென்று சரிந்து ஆறுக்கு வந்து நின்றது. பாதிப் பணம் போயே போச்சு.

கணவன் சும்மா இருப்பானா? சாப்பிட உட்காரும்போதெல்லாம், அண்ணன் காலை உடைத்த புத்திசாலி என்று அவளைக் குத்திக்காட்டினான். ஒருநாள் அண்ணன் வந்திருந்தபோதுகூட விடவில்லை. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனான்.

பிறகு, விலை அடிமட்டத்தில் கிடக்கிறதே என்று ஃபண்ட் கம்பெனி ரிவர்ஸ் ஸ்ப்ளிட் என்று ஒன்றைச் செய்தது. பத்து யூனிட்டைச் சேர்த்து ஒரே யூனிட் ஆக்கியது. ஆறாக இருந்த விலை அறுபது ஆனது. கையில் இருந்த யூனிட் பத்தில் ஒன்றானது. மொத்தத்தில் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போன பாதி போனதுதான்.

இந்த அண்ணனோ அறுபதை மட்டும் பார்த்துவிட்டுக் குதிக்கிறான்!

போனில் மூன்று முறை விளக்கப் பார்த்தாள். கடைக்கு ஆள் வந்தாச்சு என்று மூன்று முறையும் வைத்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, கணவன் எதிரில் உட்கார்ந்து அறுபது புராணம் பாடினான். கணவனும் நம்பித் தொலைத்தான். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் அவன் அந்தக் குத்தல் பேச்சையே எடுக்கவில்லை.

போதாக்குறைக்கு, ஏதோ தைலம் தேய்த்ததில் அண்ணனுக்கு முழங்கால் வலி பறந்துவிட்டதாம். ஆபரேஷனே வேண்டாமாம். கணக்கில் எவ்வளவு அறிவோ, வைத்தியத்திலும் அவ்வளவுதான்.

பெஞ்சில் காத்திருந்த பிளம்பர், அந்த ஃபண்டின் பேரைச் சொன்னால் தானும் கொஞ்சம் போடுவேன் என்று கெஞ்சினார். பேரை வெளியே சொன்னால் ராசி போய்விடும் என்று அண்ணன் கையை விரித்துவிட்டான்.

ராசியாம், ராசி!

இனிப் பொறுப்பதற்கில்லை. கணவன் காதில் விழுந்தால் விழட்டும். மறுபடி குத்திக்காட்டினால் காட்டட்டும். இந்தப் பைத்தியக்காரன் அறுபதை நம்பி எதையாவது வாங்கித் தொலைப்பதற்குள் சொல்லியாக வேண்டும்.

நல்ல உதாரணம்கூடப் பஸ்ஸில் வரும்போதே தோன்றியிருந்தது. ஒரு பிளேடு ஆறு என்றால், பத்து பிளேடு போட்ட பாக்கெட் அறுபது. பாக்கெட் விலையைப் பார்த்து, பிளேடு விலை ஏறிவிட்டது என்று எந்த சலூன்காரனாவது குதிப்பானா?

இப்படிச் சொன்னால் மரமண்டைக்கும் புரியும்.

வரைந்து காட்டத் தாள் வேண்டும். உள்ளே போய், கண்ணாடிக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்தாள்.

சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் அடியில் ஒரு கடிதம் இருந்தது. ஃபண்ட் கம்பெனி அனுப்பியது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

ஓரத்தில் பென்சிலால் அண்ணனின் கோணல் எழுத்து.

6253 பிளேடு. 625 பாக்கெட், 3 பிளேடு உதிரி. உதிரிக்குக் காசு 18 வந்தாச்சு. போட்டதில் பாதிதான் இருக்கு.

ஒரு தப்பில்லை. அவளே போட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கடிதத்தோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்த்துக் கிளிப் போட்டிருந்தது. ஆபரேஷன் தேதியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'அடுத்த வருஷம்' என்று எழுதியிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் இன்னும் முழங்கிக்கொண்டுதான் இருந்தான். வலது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல், இடுப்பை நாற்காலியின் கையில் சாய்த்துக்கொண்டு முழங்கினான்.

அழுகையை முந்திக்கொண்டு அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. படுபாவி! மூன்று வாரமாக முட்டாள் வேஷம் போட்டிருக்கிறானே!

கண்ணாடி வழியாக அண்ணனின் பார்வை திறந்திருந்த டிராயரில் விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது. அங்கே என்ன தேடுகிறாள் என்பதுபோல் கணவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

அவள் டிராயரை மூடினாள். கத்தி கணவனின் தொண்டையை விட்டு விலகும்வரை காத்திருந்தாள். பிறகு மூலையில் கிடந்த ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துவந்து அண்ணனுக்குப் பின்னால் போட்டு, அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"அஞ்சு மடங்கு சம்பாதிச்சவன் எதுக்குண்ணே நின்னுக்கிட்டே வழிக்கணும்? உக்காரு."