எண்பத்தைந்து சைஸ்

அந்தப் பனியனையும் அமிர்தராஜ் தள்ளிவைத்தார்.

"இதும் உறுத்துமுங்க. இன்னும் மெத்துனு காட்டுங்க."

ஜபருல்லாவுக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்திருந்தது. ஒப்பணக்கார வீதியில் பல வருடங்களாக உள்ளாடை விற்கிறவர். ஆண்கள் பனியன் வாங்க வந்தால் டப்பாவைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். கம்பெனியையும் சைஸையும் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"தினமும் போடறதுதானுங்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நாள் பூராவும் போடறது."

அமிர்தராஜ் அடுத்த பனியனை எடுத்து உள்புறம் வெளியே வரும்படி திருப்பினார். தையல் ஓடிய இடத்தை விரலால் நீவினார். பிறகு துணியைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

போத்தனூர் ரயில்வே யார்டில் வெயிலிலேயே காய்ந்த கன்னம். அதற்கு எல்லாத் துணியும் மெத்தென்றுதான் இருந்தது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பனியன்களை வாங்கியது அவர் மனைவி அமலிதான். தன் சைஸ் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அமலி கடை வாசலை ஒட்டி, மின்விசிறிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சித்திரை வெயிலிலும் சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"நீங்க வந்து பாருங்கக்கா. அண்ணனுக்கு எதுவும் புடிக்க மாட்டேங்குது" என்றார் ஜபருல்லா.

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"கையில்லாததா இருக்கோணுமுங்க" என்றார் அமிர்தராஜ் தாழ்ந்த குரலில். "அக்குள்கிட்டத் தையல் உரசக் கூடாது. பட்டா வலிக்கக் கூடாது."

ஜபருல்லா ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார்.

"திருப்பூர்ல எக்ஸ்போர்ட்டுக்குத் தயார் பண்ணுனதுங்ணா. பக்கவாட்டுல தையலே கெடையாது. போட்டிருக்கறதே தெரியாது."

அமிர்தராஜ் அதற்குள் கையை விட்டார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். இதன் மென்மை அந்தக் காய்த்த கைக்கும் தெரிந்தது.

"இதுல எண்பத்தஞ்சு குடுங்க."

ஜபருல்லா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு நூத்தஞ்சு வேணுமுங்ணா. எண்பத்தஞ்சு தலை வழியாவே எறங்காது."

"இல்லீங்க. எனக்குத்தான். கொஞ்சம் இறுக்கமாப் போட்டுத்தான் பழக்கம்."

பக்கத்தில் துண்டு வாங்கிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். ஜபருல்லாவுக்கும் சிரிப்பு வந்தது. எண்பத்தைந்து சைஸ் பனியன் ஒன்றைப் பிரித்து, கவுண்டருக்கு மேலாக எட்டி அமிர்தராஜின் நெஞ்சோடு வைத்துப் பிடித்தார்.

"பாருங்க, வகுத்துக்கு மேலயே நின்னுபோச்சு. பள்ளிக்கூடத்துப் பையன் துணிங்ணா இது!"

அமிர்தராஜ் அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அமலி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத்தானுங்க அது" என்றாள்.

ஜபருல்லா பனியனைப் பிடித்தபடியே நின்றார்.

"மார்ல ஒரு பக்கம் எடுத்துப்போட்டாங்க. ரேடியேஷன்னு கரண்ட் வெச்சதுல தோலெல்லாம் வெந்து கெடக்குது. பொம்பளைங்க போடற துணி எதுவும் மேல பட முடியலீங்க. நர்ஸம்மாதான் ஆம்பளைங்க பனியன் வாங்கிப் போடச் சொன்னாங்க."

துண்டு வாங்க வந்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமிர்தராஜ் மனைவியையே பார்த்தார். கூடப்பிறந்த தங்கையிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. கோயிலில் கேட்டவர்களிடம் 'கட்டி' என்பதோடு நிறுத்திக்கொண்டவள். வரும்போது பஸ்ஸில், "எனக்குன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டதும் அவள்தான்.

"மன்னிச்சுக்குங்கக்கா" என்றார் ஜபருல்லா. பனியனை அவளிடம் நீட்டினார்.

அவள் அதைப் புறங்கையால் தடவினாள். கழுத்துக்குக் கீழே, தலைப்புக்குள் கொண்டுபோய் ஒரு கணம் வைத்துப் பார்த்தாள். முகத்தில் சுளிப்பு எதுவும் வரவில்லை.

"இது போடலாமுங்க" என்றாள்.

அமிர்தராஜ் மூச்சு விட்டார்.

"எத்தன பீஸ் போடட்டுங்ணா?"

"ஒரு டஜன்" என்றார் அமிர்தராஜ் உடனே. "வேர்க்க வேர்க்க மாத்தோணுமில்ல. வாங்கிப்போட்டா ரெண்டு மூணு வருஷத்துக்குக் கவலையில்ல."

"மூணு போதுமுங்க" என்றாள் அமலி.

"துணி நல்லா இருக்குது அம்மணி. அப்பறம் வந்தாக் கெடைக்குமோ என்னமோ."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. பிடிவாதம் பிடிக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மூணு போதுமுங்க. அதுகளே கிழியாது."

ஜபருல்லா டப்பாவிலிருந்து மூன்றை மட்டும் எடுத்தார்.

அமிர்தராஜ் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, புது ஸ்கேனைக் காட்டினார். நுரையீரலிலும் பரவியிருந்தது. இனிமேல் செய்வதற்கு அதிகமில்லை என்றார்.

வெளியே வராந்தாவில் காத்திருந்தவளிடம், "எல்லாம் போயிருச்சாம் அம்மணி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று அவளும் சிரித்தாள்.