பாதிச் சக்கரம்

எட்டு நாட்கள், ஒன்பது மணி நேரம்.

அவன் இறந்து இவ்வளவு நேரமாகிறது. அவனுடைய அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அவன் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடியோவில் அத்தையைக் கூப்பிட்டுப் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றினாள். இனித் தன் முகம் தெரியாது. தெரு மட்டும் தெரியும்.

இங்கே பகல் இரண்டு மணி. சங்கரன்கோவிலில் இரவு ஏழரை. அத்தை சமையலறைத் தரையில் தட்டுடன் உட்கார்ந்திருந்தாள். சோறு. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு.

“ஊசி போட்டாச்சா அத்தே?”

“போட்டாச்சு, போட்டாச்சு. இன்னைக்கு எந்தத் தெரு?”

சாவு விழுந்த வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்பு எரியாது. மாமா இறந்தபோது அத்தை ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மயங்கி விழுந்தாள். மாமாவைத் தூக்க வந்தவர்களே அவளையும் தூக்கினார்கள்.

இங்கே அவன் உடலை இன்னும் தரவில்லை. அறுத்துப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் விசாரணை இருக்கிறதாம். ஒரு வாரம் ஆகலாம். மூன்று வாரமும் ஆகலாம்.

அத்தை தனியாக இருக்கிறாள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மருமகள் படித்திருக்கிறாள்.

அதனால் தினமும் ஒரு தெரு. தட்டு காலியாகும்வரை.

“இது நாலாம் தெரு அத்தே. அடுத்தது அஞ்சாம் தெரு. எல்லாம் கரிச் சுரங்கக்காரன் கட்டுனது.”

“பேரு வைக்கக்கூட அவனுக்கு நேரமில்லயாக்கும்.”

ஒரே அளவுச் செங்கல் வீடுகள். ஒரே அளவு வாசல்கள். பல சன்னல்களில் பலகை அடித்திருந்தது. அத்தை கேட்கும் முன் அவள் வேகமாக நடந்தாள். தொழிலாளர் மன்றம் இப்போது கம்பளக் கடை. தேவாலயத்தின் கதவில் விற்பனைப் பலகை. சுரங்கக் குளியலறையின் வெள்ளை ஓடு பதித்த சுவர் மட்டும் நின்றது. மேலே கூரை இல்லை.

“சுரங்கத்து ஆளுக இங்க குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவாவளாம் அத்தே. கரியோட போகமாட்டாவளாம்.”

“நல்ல பழக்கந்தான். உம் புருசனுக்குச் சொல்லு.”

கடைத்தெரு முடியும் இடத்தில் பழைய சுரங்கத்தின் இரும்புச் சக்கரம். இரண்டு ஆள் உயரம். சிவப்புச் சாயம். பாதி வெளியே, பாதி சிமெண்டுக்குள்.

“ஏட்டி, பாதியப் புதைச்சுட்டானுவளே!”

“ஞாபகத்துக்கு வச்சிருக்காவ. இதுல கயிறு சுத்தித்தான் ஆளுகள உள்ள இறக்குவாவளாம்.”

“ஏத்துனாவளா?”

அத்தை தன் கேலிக்குத் தானே சிரித்தாள். இன்னொரு வாய் சோறு போனது.

சக்கரத்துக்குப் பின்னால் மேடு. சுரங்கம் இருந்த மேடு. அதன்மேல் இப்போது ஒரு சரக்குக் கிடங்கின் நீலக் கூரை. இரவு வேலையில் அவன் அங்கேதான் விழுந்தான். அவள் கேமராவை இடப்பக்கம் நகர்த்தினாள்.

“நாயகம் எந்திரிச்சிட்டானா?”

“நைட் ஷிப்ட் அத்தே. தூங்குதாவ.”

“எப்பக் கேட்டாலும் தூங்குதான்.”

அவள் கைபேசியை மறு கைக்கு மாற்றினாள். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. அவள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தெருக்காரர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவதைத்தான் தின்கிறாள். அவர்கள் மணி அடிப்பதில்லை. மூடிய பாத்திரம் மட்டும் இருக்கும்.

தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.

எதிரில் ஒரு கிழவர் நாயுடன் வந்தார். மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். இருபத்தாறு வருடம் அந்தக் குழிக்குள் இறங்கியவர். அவளைப் பார்த்ததும் நின்றார்.

தொப்பியைக் கழற்றினார்.

தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துத் தலை குனிந்தார். நரைமுடி காற்றில் பறந்தது. நாய்கூட நகரவில்லை.

கேமரா அவரை நோக்கியே இருந்தது. திருப்ப வேண்டும் என்று நினைத்தாள். கை திரும்பவில்லை.

அவர் கடந்து போனார்.

திரையில் அத்தையின் வாய் அசையாமல் இருந்தது.

பிறகு அவள் கை நீண்டு வந்தது. கைபேசியைத் தாங்கியிருந்த செம்பை எடுத்தது. படம் சரிந்தது. இப்போது திரையில் விட்டம், ஒரு டியூப்லைட், ஒட்டடை.

தண்ணீர் விழும் சத்தம். அத்தை தட்டிலேயே கையைக் கழுவுகிறாள்.

“அத்தே…”

தண்ணீர் நின்றது.

“அவன எப்ப தாயி எடுக்காவ?”