மூன்றாவது வாக்கு

அன்று கால்பந்து கிளப் அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: செயலாளர், அணியின் மருத்துவரம்மா, முன்னாள் கேப்டனும் இந்நாள் தலைமைப் பயிற்சியாளருமானவர், மேசைக்கு எதிரே ஐந்தாண்டுத் தடை முடிந்து வந்திருந்த கோல்கீப்பர்.

பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் கோந்து. சூதாட்டத் தரகரிடம் கைநீட்டி, அரையிறுதியை விட்டுக்கொடுத்த குற்றத்தோடு அவனுடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிற்று. இப்போது அவன் கேட்டு வந்திருப்பது, பெண்கள் அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் வேலை.

“கோந்துன்னு பேரு. அன்னைக்கு மட்டும் கையில எண்ணெய் தடவிக்கிட்டு நின்னியா?” என்றார் செயலாளர்.

“தப்புதான் சார். நான் மறைக்கல. எனக்கு வேற தொழில் தெரியாது.”

“அதுக்கு நாங்க என்ன பண்றது? என் வாக்கு வேண்டாம்னுதான்.”

“தண்டனையை முழுசா அனுபவிச்சாச்சு. இன்னும் தோலை உரிக்கணுமா?” என்றார் மருத்துவரம்மா. “என் வாக்கு, சேர்த்துக்கலாம்.”

இருவரும் பயிற்சியாளரைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோந்து தினமும் கண்ணெதிரே நடமாடுவதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. ஏன் என்பதை வெளியே சொல்லவும் முடியாது.

“இவன் எனக்குத் தம்பி மாதிரி. அதுக்காக? அந்தப் பொண்ணுங்க இவன்கிட்ட எதைக் கத்துக்கும்? வேண்டாம்.”

“அண்ணே...” என்று தொடங்கிய கோந்து, ஏனோ நிறுத்திக்கொண்டான்.

“சரி, தீர்மானப் புத்தகத்துல காரணத்தையும் எழுதுங்க” என்றார் மருத்துவரம்மா எரிச்சலுடன்.

“காரணமா? பேஷா எழுதறேன் டாக்டரம்மா.” செயலாளர் அலமாரியிலிருந்து ஒரு தாளை உருவினார். “கால்பந்துச் சங்கத்துக்குப் போன மொட்டைக் கடுதாசியோட நகல். ஐயா மாட்டினதே இதுலதான்.”

யார் எழுதியிருப்பார்கள் என்று ஐந்தாண்டுகளாகப் பயிற்சியாளரைக் குடைந்துகொண்டிருந்த கடிதம் அது. இன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

செயலாளர் உரக்கப் படித்தார்: “‘ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை, உடை மாற்றும் அறையில் தரகர் கோல்கீப்பரிடம் பேரத்தை முடித்தார். கதவு தாழிட்டிருந்தது. உள்ளே அவ்விருவரைத் தவிர வேறு எவரும் இல்லை.’ எழுதினவன் எவனோ, நேர்மையான மனுஷன்!”

மருத்துவரம்மாவின் புருவம் உயர்ந்தது.

“இருங்க, இருங்க. உள்ள வேற யாருமே இல்லேன்னா, இதை எழுதினது யாரு? தரகர் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாரா?”

செயலாளரின் பேனா நின்றது. இருவர் பார்வையும் கோந்துவின் மேல் விழுந்தது.

பயிற்சியாளர் மட்டும் தலை நிமிரவில்லை. அன்று அந்த உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள் மூவர். தரகரை அழைத்து வந்ததும் கதவைத் தாழிட்டதும் அவர்தாம்.

“சார்... உங்க வாக்கை வேண்டாம்னே எழுதிடவா?” என்று தயங்கிக் கேட்டார் செயலாளர்.

பயிற்சியாளர் வாய் திறப்பார் என்று கோந்து சில நொடிகள் காத்திருந்தான். பிறகு நாற்காலியை ஓசையின்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு வெளியேறினான்.