மேடம் கேட்ட கேள்விகள்

“காட்டுல ஆனை வந்துச்சுன்னா அந்தக் கலர்ப் பெட்டியத் தூக்கிட்டு ஓடுவியா, போட்டுட்டு ஓடுவியா?”

காரை ஓட்டிக்கொண்டே கேட்டார் வள்ளியாத்தாள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் முதலாளி அவர். பக்கத்து இருக்கையில், பேஸ்டல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்தாள் தமிழ்மதி.

“போட்டுட்டுத்தானுங்க மேடம் ஓடணும்.”

“அத்தன வெல குடுத்து வாங்குனத?”

“உசுரு பெருசில்லீங்களா?”

“ம்” என்று மட்டும் சொல்லி மேடம் கியரை மாற்றினார்.

தமிழ்மதி அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக மெர்ச்சண்டைசர்; ஆர்டர் பேசி, சரக்கை முடித்து அனுப்பும் வேலை. வெள்ளிக்கிழமைதான் மேடத்தின் அறைக்குப் போய், வேலையை விடப்போவதாகச் சொல்லியிருந்தாள். கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போய், மலையையும் காட்டையும் விலங்குகளையும் நேரில் பார்த்து பேஸ்டலில் வரைய வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். மேடம் கோபப்படவில்லை. “ஞாயித்துக்கெழம அமராவதி அணைக்குப் போலாம். அங்க உக்காந்து நீ வரையறத நான் பாக்கோணும்” என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குப் பயமே அதுதான். மேடம் யாரையும் அதட்டி நிறுத்துகிறவர் இல்லை, பேசியே நிறுத்திவிடுவார். கம்பெனியில் துணி வெட்ட அளவு போடும் பேட்டர்ன் மாஸ்டர் இளங்கோ துபாய்க்கு விசா வாங்கிப் பெட்டியும் கட்டி வைத்திருந்தார். மேடத்தோடு ஒரே ஒரு டீ குடித்தார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை அவிழ்த்துவிட்டார்.

அணைக்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, சாம்பல் நிறத் தாளைப் பலகையில் மாட்டினாள் தமிழ்மதி. எதிரே ஆனைமலை அடுக்கடுக்காக நின்றது. சாக்பீஸ் போன்ற துண்டுகளைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். தூரத்து மலைக்கு ஊதா, அதற்கு முன்னால் நீலம், கிட்டத்தில் பச்சை. விரலால் மெல்ல இழுத்துவிட்டதும் தாளில் பனி இறங்கிவிட்டது.

“மலை பச்சைதான? ஏன் ஊதாவப் போடற?”

“தூரம் போகப் போக அப்படித்தானுங்க தெரியுது. பாருங்க மேடம்.”

மேடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அட, ஆமா.” உடனே அடுத்த கேள்வி. “மழ வந்தா?”

“பிளாஸ்டிக் கவர் வெச்சிருக்கறனுங்க.”

“ராத்திரி எங்க தங்குவ?”

“ஹோம் ஸ்டே இருக்குதுங்க. முன்னாடியே ஃபோன் பண்ணிச் சொல்லிடுவனுங்க.”

“தனியாப் போற பொம்பளைக்கு ரூம் குடுப்பாங்களா?”

“இப்பெல்லாம் குடுக்கறாங்க மேடம்.”

“முட்டி வலிச்சா?”

“எனக்கு ஏதுங்க முட்டி வலி?”

“வராதுன்னு என்ன நிச்சயம்?”

இப்படித்தான் இளங்கோவையும் மடக்கியிருப்பார் என்று தமிழ்மதி நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. வெயிலில் கண் கூசுவது, அட்டைப்பூச்சி கடிப்பது, பஸ்ஸுக்கு மணிக்கணக்காகக் காத்திருப்பது என்று கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள். மேடமும் விடாமல் கேட்டார்.

அப்போது எதிர்க்கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கியது. தமிழ்மதி பழுப்புத் துண்டால் ஒரே இழுப்பில் ஒரு மானின் முதுகைப் போட்டாள். கழுத்தைப் போட்டாள். வெள்ளைத் துண்டின் முனையால் புள்ளிகளை வைக்கத் தொடங்கும்போது அந்த மான் தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது. மறுநொடி கூட்டமே காட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

“ஓடிருச்சே. இனி எப்படி முடிப்ப?” மேடத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

“முடிக்க மாட்டனுங்க. பாத்த வரைக்குந்தான் வரையறது. மிச்சம் அப்படியே இருக்கட்டுங்க.”

மேடம் அந்தப் பாதி மானையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் முப்பது வருசமாக் கலரத்தான் பாத்துட்டு இருக்கறேன். எல்லாம் துணிக்குக் கலர் பொறுக்கற ஷேடு கார்டுல” என்றார்.

தமிழ்மதிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“மேடம், நீங்க என்ன கேட்டாலும் நான் போறது போறதுதானுங்க. கோவிச்சுக்காம அனுப்பி வெச்சிருங்க.”

“போக வேண்டாம்னு நான் ஒரு வார்த்த சொன்னனா?”

தமிழ்மதி யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லைதான்.

மேடம் அவளைக் கூட்டிப்போய்க் கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு புது முதுகுப்பை, அகலமான தொப்பி, மலையேறும் ஷூ. எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் பிரிக்காத பெரிய பேஸ்டல் பெட்டி ஒன்று.

தமிழ்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

“எனக்கு எதுக்குங்க மேடம் இத்தன செலவு? ஷூ வேற கொஞ்சம் பெருசா இருக்குமாட்ட இருக்குதுங்க.”

“எங் காலுக்குச் சரியாத்தான் இருக்குது கண்ணு” என்றபடி கார் சாவியோடு கம்பெனிச் சாவிக்கொத்தையும் அவள் கையில் வைத்தார் வள்ளியாத்தாள். “நாளைக்குக் காத்தால நான் வால்பாறைக்குக் கெளம்பறேன். ரெண்டு மாசம் கம்பெனிய நீ பாத்துக்க. நான் வந்ததுக்கப்பறம் நீ போ, அப்ப நான் பாத்துக்கறேன்.”