வீட்டுக்காரம்மாவின் எவர்சில்வர் டப்பா

"ரஞ்சனி, அந்த ரொட்டி இன்னிக்கி அஞ்சாறு இருந்தா இதுல போட்டுக் குடும்மா."

வீட்டுக்காரம்மா ஜெயமாலா மாடிப்படியில் நின்று எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். போன வாரம் நாலு கேட்டார். இந்த வாரம் அஞ்சாறு.

"ரொட்டி இல்லம்மா, வாஃபிள்," என்றாள் ரஞ்சனி. சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏதோ ஒண்ணு. கடைக்குக் கெளம்பிட்டேன், சீக்கிரம் குடு."

டப்பாவோடு சமையல்கட்டுக்கு வந்தவள் கணவன் சிவசங்கரிடம் பொரிந்து தள்ளினாள்.

"ரெண்டு மாசமா வாராவாரம் ஓசி. ஒருதடவையாவது நல்லா இருந்துச்சுன்னு வாயத் தொறந்து சொன்னாங்களா?"

"நாக்கு கொஞ்சம் நீளம்தான், விடு. நாம இன்னா ரொம்ப நாளா இங்க இருக்கப் போறோம்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் ரஞ்சனிக்குச் சுருக்கென்று தைத்தது.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு வாஃபிள் கடையில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். பெல்ஜியம் நாட்டுப் பக்குவம் கைவசம் இருந்தது. ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, மாவைப் பொங்க விட்டு, கடைசியில் முத்துமுத்தாக இருக்கும் சர்க்கரையைச் சேர்த்து மிஷினில் வைத்து அமுக்க வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. முத்துச் சர்க்கரைக்குச் செஞ்சியில் எங்கே போவது? கல்கண்டைத் துணியில் முடிந்து, குழவியால் தட்டி, மிளகு அளவுக்கு உடைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர்கள் எந்த உயிருக்கும் தீங்கு நினைக்காத ஜைனர்கள் என்பதால் முட்டையை வாசப்படி தாண்ட விடவில்லை.

இத்தனை பாடுபட்டும் ஆர்டர் பெரிதாக வரவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து எப்போதாவது ஒருத்தர் போன் பண்ணுவார். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாசக் கடைசிவரை பார்ப்போம், இல்லாவிட்டால் மிஷினை விற்றுவிட்டு அவலூர்பேட்டையில் அண்ணன் மளிகைக் கடைக்கே போய்விடலாம் என்று சிவசங்கர் சொல்லியிருந்தான். இன்று தேதி இருபத்தாறு.

ஜெயமாலா முதல்முதலாக மாடிக்கு வந்த நாள் ரஞ்சனிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வைத்திருந்தாள். குப்பென்று நுரைத்து வந்தது.

"இது சும்மா பவுடர் இல்லம்மா, உயிரோட இருக்குது. சக்கரையத் தின்னுட்டு எப்படி மூச்சு விடுது பாருங்க," என்று பெருமையாகக் காட்டினாள்.

ஜெயமாலா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியா," என்றார். அடுத்த வாரமே டப்பாவோடு வந்துவிட்டார். அன்றைக்கே எச்சில் ஊறியிருக்கும் என்று ரஞ்சனி முடிவுகட்டினாள்.

மேடையில் ஓரமாக, கல்கண்டு தீய்ந்து கருத்துப்போன முதல் ஈட்டு வாஃபிள் அஞ்சு கிடந்தன. அதை அப்படியே எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"ரஞ்சனி, வேணாம். பாத்தா தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். ஓசிக்கு இது போதும்."

ஜெயமாலா டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஹெல்மெட்டும் கையுமாக ஒரு பெண்மணி.

"ரஞ்சனிங்கறது நீங்கதானே? நான் கலைமதி, ஸ்கூல் டீச்சர். வெள்ளிக்கெழம எங்க ஆண்டு விழா. அறுபது வாஃபிள் வேணும். புள்ளைங்களுக்குப் புடிச்சிட்டா வாராவாரம் கேன்டீனுக்கும் எடுத்துக்கறோம்."

ரஞ்சனிக்குக் காதை நம்ப முடியவில்லை. அறைக்குள் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த சிவசங்கர் பாதியிலேயே கட் பண்ணினான்.

"ஸ்டேட்டஸ் பாத்தீங்களாக்கா?" என்றாள் ரஞ்சனி.

"இன்னா ஸ்டேட்டஸ்? ஜெயமாலாம்மாவோட பாத்திரக் கடைக்குப் போறவங்க யாரும் உங்க வாஃபிள திங்காம வெளிய வர முடியாது. ஆளுக்கு ஒரு துண்டு குடுத்து, உங்க நம்பரையும் எழுதிக் குடுத்துதான் அனுப்புவாங்க. இன்னிக்கி மட்டும் லேசா தீஞ்சிருந்துச்சு."

ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"'அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கி உடம்பு முடியல போலக்குது. போன வாரம் தின்னீங்களே, அத நெனச்சுக்கினு ஆர்டர் குடுங்க டீச்சர்'னு எனக்கே பாடம் எடுத்தாங்க."

ரஞ்சனிக்குக் கண் நிறைந்துவிட்டது. கீழே போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த ஊரில் தனக்கு யாருமில்லை என்று எத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

"நாளைக்கி மொத ஈடு அவங்களுக்குத்தான்க்கா. சூடா, தீயாம, என் கையால குடுக்கப் போறேன். ஆசையா சாப்பிடட்டும்."

கலைமதி ஹெல்மெட்டை மாட்டப் போனவர் நிறுத்தினார்.

"அவங்க எங்க சாப்பிடுவாங்க? இதுவரைக்கும் ஒரு துண்டுகூட வாயில வச்சது கெடயாது. 'என் விரதம் என்னோட, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு வேற சொன்னாங்க, நான் ஒளறிட்டேன். அதுல உயிர் இருக்குதுன்னு மொத நாளே நீங்கதான் அவங்களுக்குக் காட்டுனீங்களாமே?"