நூற்று நாற்பது தடவை

“கட்டணம் ஒவ்வொரு தடவையும் புடிப்பானுங்களா?” என்று கேட்டாள் நஜ்மா.

“ஒவ்வொரு தடவையும்தான்க்கா. உனக்கு லாபமோ நஷ்டமோ, அவனுக்கு இன்னா கவலை” என்றான் தம்பி ராஷித். அவன் மடியில் லேப்டாப். அதில் நஜ்மாவின் கணவர் ஷவுகத் அலியின் கிரிப்டோ கணக்கு.

மகள் இஃபத்தின் கல்யாணத்துக்குச் சேர்த்த மூன்று லட்சம் அதில் இருந்தது. இப்போது எழுபத்து மூவாயிரம்தான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டார் நைசாகக் கழன்றுகொண்டார்கள். என்னால்தான் போச்சு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட ஷவுகத் அலி, வேலப்பன்சாவடியில் ஓர் அறையெடுத்துத் தனியாகக் கிடக்கிறார். இன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும், இனி அவரோடு வாழமாட்டேன் என்று பள்ளிவாசல் ஜமாத்தில் நஜ்மா கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன்மார் எடுத்த முடிவு. அவளுக்கும் மகளுக்கும் இப்போது சோறு அவர்கள் வீட்டில்தான்.

“வெலை எறங்கிப் போச்சாடா?”

“அதான் இல்ல. வெலை ஏறித்தான் கீது. சும்மா வெச்சிருந்தாலே மூணு லட்சம் நாலாயிருக்கும். ஆயிரத்துக்குப் பத்து ரூபா ஏறுனாப் போதும், வித்துட்டுத் திருப்பி வாங்கிக்கினே இருந்துகீறாரு. நம்ம அத்தா ஜவுளிக்கடைல சரக்கத் தேங்க விடாம தள்ளுவாரே, அந்த மாதிரி. வாங்கச்சொல்ல அஞ்சு ரூபா கட்டணம், விக்கச்சொல்ல அஞ்சு, அதுக்கு மேல வரி பத்து. பத்து ரூபா சம்பாரிக்க இருபது ரூபா தெண்டம். இப்டியே நூத்தி நாப்பது தடவை. பேராசை புடிச்ச மனுசன்.”



“அவரத் திட்டாதடா.”

“பொண்ணு கல்யாணமே நின்னு போச்சு. இன்னமும் மச்சானத் திட்டாதன்றியே, உனுக்கு ரோசமே கிடையாதாக்கா?”

அவள் திரையில் இருந்த வரிசையை விரலால் தொட்டாள்.

“இதுல யாரு அமுக்குனாங்கன்னு காட்டுமா?”

“கணக்கு யாரு பேர்ல கீதோ அவுங்க பேருதான் காட்டும். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன். வா, நேரமாச்சு.”

புர்காவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அம்பத்தூர் கம்பெனிக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஷவுகத் அலி தினமும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன செல்போனில், பகலெல்லாம் விற்றதும் வாங்கியதும் அவள்தான். அது தெரிந்துதான் அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.