மருந்து வைத்த கை

"யோவ், உன் கையில இன்னா நாத்தம்?"

"எலி மருந்து. குடோன்ல மாவுல பெசஞ்சு வெப்போம்."

"அந்தக் கையோட என்னைத் தொட்ட, எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். போ, கழுவிக்கினு வா."

கல்யாணமான முதல் வாரத்துப் பேச்சு அது. அதன்பின் துறைமுகத்துத் தானியக் கிடங்கிலிருந்து ராயபுரம் வீட்டுக்கு வந்தால் அருள்பிரகாசத்துக்கு முதலில் குழாயடி. பிறகுதான் எல்சி.

மகள் ஜானட் பிறந்த அன்றுகூட, கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் குழந்தையின் முகத்தைக் காட்டினாள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. கேட்டதில்லை.

இப்போது எல்சிக்கு வயிற்றில் புற்றுநோய். கால் வீங்கி, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.

"இந்த மாதிரி மருந்து புற்றுநோய் பரவுறதையும் தடுக்குமான்னு ஆராய்ச்சி நடக்குது. அதை நம்பிடாதீங்க. ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க."

அருள்பிரகாசம் அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். வார்ஃபரின்.

கிடங்கில் எலி மருந்து டப்பாவில் தினமும் பார்க்கும் பெயர்.

தனியே போய்க் கேட்டார். அதேதான் என்றார் டாக்டர். அளவுதான் வேறு, அதற்காகத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

எல்சிக்குத் தெரிந்தால் விழுங்க மாட்டாள். விழுங்காவிட்டால்?

மாத்திரைகளைப் பிரித்து, காலியான சத்து மாத்திரை பாட்டிலில் போட்டு வைத்தார். காலையில் அவள் பல் துலக்கித் துப்பும்போது, ரத்தம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். அந்த மருந்தைத் தின்ற எலிகள் ரத்தம் கசிந்து எப்படிச் சாகும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மாலையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து மாத்திரையை நீட்டினார்.

எல்சி விழுங்கினாள். தண்ணீர் குடித்து வாயைத் துடைத்தாள்.

"குடோன் சரக்குதானே? நர்ஸ் பொண்ணு மொத நாளே சொல்லிடுச்சு. நீ திருட்டு முழி முழிக்கிறதப் பாத்துக்கினு கம்முனு கீறேன். எலிக்கு வெக்கிறத என் வாயிலயே போட்டுட்டு, கைய மட்டும் இன்னாத்துக்குய்யா இப்டித் தேய்க்கிற?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வேல முடிஞ்சு வந்ததும்... கழுவாம, அப்டியே உன் கையப் புடிச்சிக்கவா, எல்சி?"